வலி மாத்திரைக்குள் காஃபின் எதற்கு?

வீட்டில் தலைவலி மாத்திரை அட்டை ஏதாவது கிடந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்க வெள்ளித் தாளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், பாதி எழுத்து மாத்திரையைப் பிதுக்கி எடுத்த இடத்தில் கிழிந்து போயிருக்கும். பாராசிட்டமால் 500 மி.கி. என்று ஒரு வரி. சில அட்டைகளில் அதற்குக் கீழேயே காஃபின் 65 மி.கி. என்று இன்னொரு வரி இருக்கும். அந்த இரண்டாவது வரியைக் கவனிக்காமலேயே நான் பல வருடம் அந்த மாத்திரையைப் போட்டிருக்கிறேன். எனக்குக் கழுத்து வலி, அதோடு கூடவே வரும் தலைவலி. சாதாரண மாத்திரையை விட இந்த மாத்திரைக்கு வலி கொஞ்சம் சீக்கிரம் கேட்கிறது என்பது மட்டும் தெரியும், ஏன் என்று யோசித்ததில்லை.

மாதக்கணக்கில் ஏதோ ஒரு வலியோடு இருந்துகொண்டு, மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கும் மாத்திரையையும் காபியையும் வைத்து நாளை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காஃபின் நிஜமாகவே உதவுகிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது உதவுவது இன்றைக்கு வந்து நாளைக்குப் போகும் வலிக்கு. போகாமல் உட்கார்ந்திருக்கும் வலிக்கு இதே காஃபினை நம்பினால் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும்.

காஃபின் என்ன செய்கிறது

மூளை வேலை செய்யச் செய்ய, செல்கள் ஆற்றலைச் செலவழிக்கச் செலவழிக்க, அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. நரம்பு செல்களின் மேல் இதற்கென்றே ஏற்பிகள் உண்டு. அடினோசின் போய் அவற்றில் உட்கார்ந்தால் உடம்பு தளரும், கண்ணைச் சுழற்றும், மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும். காஃபின் பார்ப்பதற்கு ஏறக்குறைய அடினோசின் போலவே இருக்கும் மூலக்கூறு. அதனால் அதே ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் அடினோசின் செய்யும் வேலையைச் செய்யாது. துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரிதான். உட்கார வேண்டியவர் நின்றுகொண்டே இருப்பார். காபி குடித்தால் தூக்கம் கலைவது இதனால்தான்.

வலிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அடினோசின் ஏற்பிகளில் பல வகை உண்டு. அவற்றில் சில வலியையும் வீக்கத்தையும் கூட்டிவிடுபவை. காஃபின் அவற்றை அடைத்துவிட்டால் வலி கொஞ்சம் தணியும். தலைவலியில் இன்னொரு வேலையும் நடக்கிறது, விரிந்திருக்கும் ரத்தக் குழாய்களைக் காஃபின் சற்றுச் சுருங்க வைக்கிறது. கூடவே சில வலி மாத்திரைகள் வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போவதையும் வேகப்படுத்துகிறது என்று கருதுகிறார்கள். மாத்திரை போட்டதும் மனம் கொஞ்சம் தெளிந்து உற்சாகம் வருகிறதே, அதையும் ஒதுக்கிவிட முடியாது. சோர்ந்து கிடக்கும்போது இருக்கும் அதே வலி, கொஞ்சம் விழிப்பாக இருக்கும்போது சின்னதாகத் தெரியும்.

ஆனால் ஒன்று. அடினோசின் ஏற்பிகளில் வலியை அடக்கும் வகையும் ஒன்று இருக்கிறது. காஃபின் ஆள் பார்த்து அடைப்பதில்லை, அதையும் சேர்த்துத்தான் அடைக்கிறது. எலிகளில் செய்த சோதனைகளில், குறைந்த அளவு காஃபின் சில மருந்துகளின் வலி நிவாரணத்தைக் குறைத்ததையே பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நன்மை பக்கம்தான் தட்டு தாழ்கிறது, அதுவும் போதிய அளவு காஃபின் இருந்தால்.

எவ்வளவு உதவும்

1984-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு பெரிய அலசல் வந்தது. முப்பது ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். காஃபின் சேர்த்த மாத்திரை தரும் அதே நிவாரணத்தைக் காஃபின் இல்லாத மாத்திரையால் பெற வேண்டுமானால் சுமார் 40 சதவீதம் கூடுதல் மருந்து தேவைப்படும் என்று அதில் கணக்கிட்டார்கள். கேட்க அபாரமாக இருக்கிறது. அப்புறம் 2014-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மறுஆய்வு கொஞ்சம் நிதானமாகச் சொன்னது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், வழக்கமான அளவு வலி மாத்திரையோடு 100 மி.கி. அல்லது அதற்கு மேல் காஃபின் சேர்த்தால், நல்ல நிவாரணம் கிடைப்பவர்கள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் கூடுகிறார்கள். நல்ல நிவாரணம் என்றால் வலி பாதியாவது குறைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த அளவுகோல்.

திருப்பிச் சொன்னால், சுமார் 14 பேர் காஃபின் சேர்த்துப் போட்டால் அதில் ஒருவருக்குத்தான் அந்தக் காஃபினால் பெரிய வித்தியாசம். மீதிப் பேரில் பலருக்கு வெறும் மாத்திரைக்கே கேட்டிருக்கும், சிலருக்கு எதற்குமே கேட்டிருக்காது. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தலை தெறிக்கும்போது 14-ல் ஒருவராக நாம் இருந்தால் அது நமக்கு முழு வித்தியாசம்தான்.

அந்த 100 மி.கி. என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 65 மி.கி. காஃபின் உள்ள மாத்திரையில் ஒன்று மட்டும் போட்டால் அந்த அளவு எட்டாது. இரண்டு போட்டால் 130. பெனடால் எக்ஸ்ட்ரா போன்றவற்றில் பாராசிட்டமாலும் காஃபினும் இருக்கும். எக்ஸெட்ரின் என்ற அமெரிக்க மாத்திரையில் பாராசிட்டமால் 250, ஆஸ்பிரின் 250, காஃபின் 65 என்று மூன்று. இந்த மூன்றின் சேர்க்கையைத்தான் 1998-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலிக்குக் கடையில் நேரடியாக விற்க அனுமதித்தது.

காபி குடிப்பவராக இருந்தால் இந்த மாத்திரையே தனியாக வேண்டியதில்லை என்பது என் கருத்து. வடிகட்டிய காபி ஒரு பெரிய கோப்பையில் சுமாராக 80 முதல் 100 மி.கி. காஃபின் இருக்கும், உடனடிக் காபியில் அதைவிடக் குறைவு, தேநீரில் பெரும்பாலும் 30 முதல் 50. மாத்திரையில் இருப்பதும் கோப்பையில் இருப்பதும் ஒரே காஃபின்தான். வெறும் பாராசிட்டமாலையும் ஒரு காபியையும் சேர்த்து எடுத்தால் ஏறக்குறைய அதே சேர்க்கை கைக்கு வந்துவிடுகிறது. வேண்டாத நேரத்தில் காபியை மட்டும் விட்டுவிடலாம், மாத்திரைக்குள் அடைத்து வைத்திருக்கும் காஃபினை அப்படிப் பிரிக்க முடியாது.

அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் யார்

இங்கேதான் நாட்பட்ட வலிக்காரர்கள் நின்று கவனிக்க வேண்டும். மேலே சொன்ன எண்கள் எல்லாம் யாருடைய வலியிலிருந்து வந்தவை? பல் பிடுங்கியவர்கள், பிரசவம் முடிந்து வலியோடு இருந்தவர்கள், தலைவலி வந்தவர்கள். ஒரு தடவை மாத்திரை கொடுத்து, நாலு முதல் ஆறு மணி நேரம் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறித்திருக்கிறார்கள். அவ்வளவுதான். ஆறு மாதமாக இடுப்பு வலி உள்ளவர் தினமும் இதைப் போட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த ஆய்வுகளில் பதில் கிடையாது, அவர்கள் அதைக் கேட்கவே இல்லை.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். பல் பிடுங்கிய வலிக்கும் இதற்கும் நீளம் மட்டும் வித்தியாசம் என்று நினைத்தால் தப்பு. அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் தன் ஒலியளவைக் கூட்டியே வைத்திருக்கும், சின்ன அழுத்தமும் பெரிய வலியாகக் கேட்கும். அந்த மாதிரி வலிக்குப் பாராசிட்டமாலே பெரிதாகக் கேட்பதில்லை. அதனால்தான், தெளிவான காரணம் இல்லாமல் நீடிக்கும் வலிக்குப் பாராசிட்டமாலையும் ஐப்யூபுரூஃபன் வகை மாத்திரைகளையும் தொடங்கவே வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் மருத்துவர்களுக்கு வழிகாட்டியது. சர்க்கரை நோயால் பாதம் எரிவது போன்ற நரம்பு வலியிலும் கதை இதுதான், அதற்கான மருந்துகளே வேறு. அடிப்படை மாத்திரை வேலை செய்யாத இடத்தில் காஃபின் சேர்த்து மட்டும் என்ன ஆகப்போகிறது? காஃபின் துணைக்கு வரும் ஆள். முன்னால் போகிறவர் நடந்தால்தான் துணைக்கு வேலை.

மூட்டுத் தேய்மானம் மாதிரி வலிகளில் ஐப்யூபுரூஃபன் வகைக்கு வேலை இருக்கிறது. அங்கேயும் முழங்காலுக்கும் கைவிரலுக்கும் மேலே தடவும் ஜெல்லை முதலில் பார்ப்பது நல்லது, வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் சுமை குறைவு.

பத்து நாள், பதினைந்து நாள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் உங்கள் மனதில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

அடிக்கடி தலைவலி வரும் சுபாவம் உள்ளவர்கள், மைக்ரேனோ இறுக்கத் தலைவலியோ எதுவானாலும், வலி மாத்திரையை அடிக்கடி போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பிக்கும். மருந்து மிகைப்பயன்பாட்டுத் தலைவலி என்று இதற்குப் பெயர். உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் இதற்கு நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். வெறும் பாராசிட்டமால், வெறும் ஐப்யூபுரூஃபன் என்றால் மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால். காஃபின் சேர்ந்த கூட்டு மாத்திரை என்றால்? 10 நாள்.

அதாவது அட்டையின் பின்னால் இருக்கும் அந்த இரண்டாவது வரி, உங்களுக்கு இருக்கும் இடத்தை 15 நாளிலிருந்து 10 நாளாகக் குறைத்துவிடுகிறது. இது எனக்குத் தெரிய வந்தபோது நான் மாதத்தில் 18 நாள் போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒரு மருத்துவர் ஒரு மாதத்துக்குக் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, மாத்திரை போட்ட நாளில் ஒரு புள்ளி, தலைவலி இருந்த நாளில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார். மாத்திரையின் எண்ணிக்கையைக் கேட்கவில்லை, நாளை மட்டும்தான். ஒரு நாளில் ஒன்று போட்டாலும் ஒரு புள்ளி, மூன்று போட்டாலும் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் தாளை மேசையில் விரித்து, விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி எண்ணினார். முதல் வாரத்தில் புள்ளிகள் விட்டுவிட்டு இருந்தன, மூன்றாவது வாரத்தில் வரிசையாக. ஒவ்வொரு புள்ளிக்கும் மறுநாள் காலையில் ஒரு கோடு. அதுவரை தலைவலி வருவதால் மாத்திரை போடுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நியாயமான விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். தலைவலிச் சுபாவமே இல்லாமல், முதுகு வலிக்காகவோ மூட்டு வலிக்காகவோ மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் வருவதில்லை. முதுகு வலியும் மைக்ரேனும் சேர்ந்து இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். முதுகுக்குப் போடும் மாத்திரை தலையின் கணக்கிலும் ஏறும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காபி நின்றால் வரும் வலி

காஃபினைத் தினமும் எடுத்தால் உடம்பு பழகிக்கொள்ளும். அடினோசினுக்கு இடம் கிடைக்காமல் போகப்போக, மூளை அடினோசினுக்கு இன்னும் கூர்மையாகத் தயாராகிவிடும். அப்புறம் ஒரு நாள் காஃபின் வரவில்லை என்றால், காத்திருந்த அடினோசின் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து உட்காரும். ரத்தக் குழாய்கள் விரியும், தலை கனக்கும், தூக்கம் தூக்கமாக வரும், எரிச்சல் வரும், சிலருக்குக் காய்ச்சல் வரப்போவது போல உடம்பெல்லாம் வலிக்கும். கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும், முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், இரண்டு நாள் முதல் ஒன்பது நாள் வரை இழுக்கலாம். தினமும் 100 மி.கி. போதும் இது வருவதற்கு, அதாவது ஒரு பெரிய கோப்பை காபி.

இப்போது காஃபின் உள்ள மாத்திரையை இந்தச் சுழற்சிக்குள் வைத்துப் பாருங்கள். மாத்திரை போடாத மறுநாள் காலையில் காஃபின் இல்லாததால் தலைவலி. அதற்கு அதே மாத்திரை. அரை மணியில் கேட்கிறது, ஏனென்றால் குறைந்திருந்தது காஃபின், கொடுத்ததும் காஃபின். இந்த மாத்திரைதான் எனக்கு ஒத்து வருகிறது என்று மனதில் பதிகிறது. விடுமுறை நாளில் நேரம் கழித்து எழுபவர்களுக்கு மட்டும் தலைவலி வருவதன் பின்னாலும் பல சமயம் இதுதான் இருக்கிறது. வழக்கமாகக் காலை ஆறு மணிக்குப் போகும் காபி அன்றைக்குப் பத்து மணிக்குத்தான் போகிறது.

ஹஸ்க்வார்னா என்ற ஊர்

இதெல்லாம் இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்த பிரச்சினை இல்லை. சுவீடனில் ஹஸ்க்வார்னா என்ற ஊரில் ஒரு பெரிய ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. 1918-ல் உலகமெங்கும் ஃப்ளூ என்ற விஷக் காய்ச்சல் பரவியபோது அந்த ஊர் மருத்துவர் யோர்ட்டான் என்பவர் ஒரு பொடியை எழுதிக் கொடுத்தார். ஃபெனசெட்டின், ஃபெனசோன் என்ற இரண்டு வலி மருந்துகளும் காஃபினும் கலந்தது. காய்ச்சல் போய்விட்டது, பொடி போகவில்லை. தொழிலாளர்கள் வலி இருக்கிறதோ இல்லையோ, வேலையில் சோர்வு தெரியாமல் இருக்கத் தினமும் எடுத்தார்கள், பல வருடம். அந்த ஊரில் சிறுநீரகம் செயலிழந்து இறப்பவர்கள் அதிகமாக இருக்கிறார்களே என்று பிறகு கவனித்தார்கள், குர்ட் கிரிம்லுண்ட் என்ற மருத்துவர் அந்தப் பொடியையும் தொழிலாளர்களின் சிறுநீரகங்களையும் ஆராய்ந்து 1963-ல் வெளியிட்டார்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. அங்கே ஆஸ்பிரின், ஃபெனசெட்டின், காஃபின் கலந்த பொடிகள் பெக்ஸ், வின்சென்ட்ஸ் என்ற பெயர்களில் சாதாரணமாக விற்றன, வீட்டில் இருந்த பெண்கள்தான் அதிகம் எடுத்தார்கள். பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் என்ற சிறுநீரக மருத்துவர் விடாமல் எடுத்துச் சொன்ன பிறகு, 1979-ல் இப்படிப்பட்ட கூட்டு வலி மருந்துகளை அங்கே தாராளமாக விற்பது நின்றது. அமெரிக்காவில் ஃபெனசெட்டினை 1983-ல் விலக்கினார்கள்.

இதில் முதல் குற்றவாளி ஃபெனசெட்டின், அது இன்றைய மாத்திரைகளில் இல்லை. காஃபின் நேரடியாகச் சிறுநீரகத்தைக் கெடுத்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வலிப் பொடியை வலி இல்லாத நாளிலும் கை தேடிப் போனது எதனால் என்று யோசித்தால், அதிலிருந்த காஃபினைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஆஸ்பிரினையும் ஐப்யூபுரூஃபனையும் மாதக்கணக்கில் தினமும் எடுத்தால் இன்றைக்கும் சிறுநீரகத்துக்கு ஆபத்துதான்.

கூட்டிப் பார்க்க வேண்டிய கணக்கு

பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு. எடை குறைந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் மது அருந்துபவர்கள் அந்த அளவுக்குப் போகவே கூடாது, எவ்வளவு போடலாம் என்று மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், எனவே எல்லா அட்டைகளையும் பக்கத்தில் வைத்துக் கூட்டுங்கள். அளவு மீறினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. வயிறு லேசாகப் புரட்டும், அவ்வளவுதான், ஆனால் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அளவு மீறியது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, அந்த எட்டு மாத்திரையும் காஃபின் சேர்ந்ததாக இருந்தால்? எட்டு முறை 65, மொத்தம் 520 மி.கி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி. வரை பரவாயில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்னது, கர்ப்பிணிகளுக்கு 200 தான். ஆக, ஒரு சொட்டுக் காபி குடிக்காமலேயே, அட்டையில் போட்டிருக்கும் உச்ச அளவை ஒழுங்காகப் பின்பற்றினாலே எல்லை தாண்டிவிடுகிறது. இதோடு காலையில் இரண்டு காபி, மதியம் ஒரு கோலா, களைப்பாக இருக்கிறதே என்று ஓர் எனர்ஜி பானம். கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, காரணம் தெரியாத பதற்றம் எல்லாம் வருவது இப்படித்தான், வலியால் வருகிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

வயிற்றையும் சொல்ல வேண்டும். ஆஸ்பிரினும் ஐப்யூபுரூஃபனும் வயிற்றின் உள்சுவருக்கு இருக்கும் பாதுகாப்பைக் குறைப்பவை, காஃபின் அமிலச் சுரப்பைக் கூட்டுவது. வெறும் வயிற்றில் கறுப்புக் காபியோடு இந்த மாத்திரையை விழுங்குவது வேண்டாத வேலை. வயிற்றுப்புண் வந்தவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் இந்த இரண்டு மாத்திரைகளையும் தாமாக வாங்கிப் போடவே கூடாது. மலம் தார் போலக் கறுத்துப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், உடனே போக வேண்டும்.

தூக்கம்

நாட்பட்ட வலியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். சரியாகத் தூங்காத மறுநாள் வலி கூடுதலாகத் தெரியும், வலி கூடினால் தூக்கம் வராது. இந்தச் சக்கரத்தில் காஃபின் எங்கே நுழைகிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கழுத்து வலி என்று இரண்டு மாத்திரை போடுகிறீர்கள், 130 மி.கி. காஃபின் உள்ளே போகிறது. இரவு பதினொன்றுக்குப் படுக்கும்போது 65 மி.கி. மிச்சம் இருக்கிறது, ஒன்றரைக் கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுப் படுப்பதற்குச் சமம். விடியற்காலை நாலு மணிக்கும் 30 மி.கி.க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். தூங்குவதற்கு ஆறு மணி நேரம் முன்பே 400 மி.கி. காஃபின் எடுத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைவதை 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

அந்த ஐந்து மணி நேரமும் ஆளுக்கு ஆள் மாறும். புகைப்பவர்களுக்கு வேகமாக வெளியேறிவிடும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் நெடுநேரம் தங்கும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி, ஃப்ளூவாக்சமின் என்ற மனநல மருந்து போன்றவற்றை எடுத்தால் காஃபின் வெளியேறுவது வெகுவாகத் தாமதப்படும், பழகிய ஒரு காபியே மூன்று காபி குடித்தது போலப் படபடக்க வைக்கலாம்.

இரவு வலிக்கு மாத்திரை போட்டே ஆக வேண்டும் என்றால் காஃபின் இல்லாத மாத்திரையை வைத்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் காஃபின் மாத்திரை வேண்டாம் என்று நான் எனக்கு வைத்திருக்கிறேன். மருத்துவ விதி எதிலும் இப்படி மணி குறித்துச் சொல்லவில்லை, என் தூக்கத்தைப் பார்த்து நானே வைத்துக்கொண்டது.

யார் தொடவே கூடாது

குழந்தைகளுக்கு இந்தச் சேர்க்கை வேண்டாம், அதிலும் ஆஸ்பிரின் உள்ளதைக் கொடுக்கவே கூடாது, ரேயி நோய்க்குறி என்ற அபூர்வமான, உயிருக்கே ஆபத்தான பாதிப்பு வரலாம். கர்ப்பமாக இருப்பவர்கள் காஃபின் சேர்ந்த வலி மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், தாறுமாறான இதயத் துடிப்பு, பதற்ற நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவர்களுக்கும் அப்படியே, அது காஃபினுக்கு ஒன்றுவிட்ட உறவு, இரண்டின் விளைவும் சேர்ந்துகொள்ளும். மனநலச் சிகிச்சைக்கு லித்தியம் எடுப்பவர்கள் காபியைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும், எனவே கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவருக்குத் தெரிந்தே நடக்கட்டும்.

மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாத வலிகளும் உண்டு. இடி விழுந்த மாதிரி நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சுக் குழறுவது, முதுகு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது. இவற்றில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்கு.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால்

முதலில் அந்தக் கட்டம் போட்ட தாள். ஒரு மாதம் மாத்திரை நாளையும் வலி நாளையும் குறியுங்கள், கூடவே காபிக்கும் ஒரு குறி. புள்ளிகள் பத்தை எட்டினால் அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வெறும் பாராசிட்டமால், ஐப்யூபுரூஃபன் வகைகளைப் பெரும்பாலும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்வார்கள். கோடீன் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்துகளும் சேர்ந்திருந்தால் மெதுவாகத்தான் இறக்க வேண்டும், அதைத் தனியாகச் செய்யாதீர்கள். நிறுத்திய முதல் சில நாள் தலைவலி கூடும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும். இது தெரியாமல் நிறுத்துபவர்கள் மூன்றாவது நாளே, பார்த்தாயா, மாத்திரை இல்லாமல் முடியவில்லை என்று திரும்பப் போட்டுவிடுவார்கள். அந்த மூன்றாவது நாள் எப்படி இருக்கும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் தாண்டிவிடலாம், நான் தாண்டியது அப்படித்தான்.

காபியை மாத்திரையோடு சேர்த்து ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், எந்த வலி எதனால் என்றே புரியாமல் போகும். மாத்திரை நின்று தலை ஒரு நிலைக்கு வந்த பிறகு, காபியைக் கோப்பையில் கால் பங்கு, கால் பங்காக, சில நாளுக்கு ஒரு தடவை குறைத்துக்கொண்டே வரலாம். முழுக்க விட வேண்டிய அவசியமும் எல்லோருக்கும் இல்லை. நான் காலையில் ஒரு கோப்பை குடிக்கிறேன், விடுமுறையிலும் அதே நேரத்துக்கு. காஃபின் சேர்ந்த மாத்திரையும் ஓர் அட்டை வீட்டில் இருக்கிறது, மைக்ரேன் நிஜமாகத் தொடங்கும் நாளுக்கு. அன்றைக்குத் தொடக்கத்திலேயே இரண்டு மாத்திரை சாப்பாட்டோடு போட்டால் கேட்கிறது, இப்போது அது மாதத்தில் இரண்டு மூன்று நாள்.